கோதாவுக்கு வெளியே நடக்கும் குஸ்தி

மல்யுத்தம் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது, நாற்காலியைத் தூக்கி எதிராளியின் முதுகில் போடும் டிவி பயில்வான்கள்தான். அது கதை, வசனம் எழுதி நடத்தப்படும் காட்சி. யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஒலிம்பிக்கில் நடக்கும் அமெச்சூர் மல்யுத்தம் முற்றிலும் வேறு. அங்கே வசனம் கிடையாது. எதிராளியின் இரண்டு தோள்களையும் தரையில் படிய வைத்துவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது! கி.மு. 708-லேயே பழைய கிரேக்க ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட விளையாட்டு இது. நவீன ஒலிம்பிக்கிலும் 1896 ஏதென்ஸ் தொடங்கி, 1900 பாரிஸ் ஒன்றைத் தவிர, ஒவ்வொரு முறையும் இடம்பெற்றிருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கமும் இதில் வந்ததுதான். 1952-ல் ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் வாங்கிய வெண்கலம் அது.

இவ்வளவு எளிமையான விளையாட்டு கோதாவுக்கு வெளியே எப்படி ஆளப்படுகிறது என்று பார்த்தால், அங்கே எதுவும் எளிமையாக இல்லை. விதிகளை யார் எழுதுகிறார்கள்? அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அநியாயம் நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது? இந்த மூன்று கேள்விகளையும் துரத்திக்கொண்டு போனால், கடைசியில் ஒரே சுவரில்தான் முட்ட வேண்டியிருக்கிறது. மல்யுத்தம் செய்கிறவருக்குத் தன்னை ஆள்கிறவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை.

குடுமி யார் கையில்?

உலக மல்யுத்தத்தை நிர்வகிக்கும் அமைப்பின் இன்றைய பெயர் யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங். 2014 வரை அதன் பெயர் ஃபிலா. தலைமையகம் ஸ்விட்சர்லாந்தில் கோர்சியே-சுர்-வெவே என்ற சிறிய ஊரில் இருக்கிறது. (சார்லி சாப்ளின் தன் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் இதுதான்!) உலகின் பெரும்பாலான நாடுகளின் தேசிய மல்யுத்தக் கூட்டமைப்புகள் இதில் உறுப்பினர்கள். ஒரு நாட்டுக் கூட்டமைப்புக்கு ஒரு ஓட்டு. அந்த ஓட்டுகள்தான் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுக்கின்றன.

கேட்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டைப் போடுவது யார்? தேசியக் கூட்டமைப்பின் நிர்வாகிகள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? மாநிலச் சங்கங்களின் நிர்வாகிகள். விடியற்காலையில் எழுந்து ஓடி, எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்து, காது மடல் நசுங்கிப் போகும் வரை பயிற்சி செய்கிறவர் இந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. நிர்வாகி நிர்வாகிக்கு ஓட்டுப் போடுகிறார். அவர் இன்னொரு நிர்வாகிக்குப் போடுகிறார்.

இப்படிப்பட்ட அமைப்பில் நாற்காலிகள் லேசில் காலியாகாது. 1972 முதல் 2002 வரை, முப்பது ஆண்டுகள், யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த மிலான் எர்செகான் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் ஸ்விட்சர்லாந்தின் ரஃபேல் மார்டினெட்டி 2013 வரை இருந்தார். 41 ஆண்டுகளில் இரண்டே தலைவர்கள்!

பைக்குள் கைவிட்டு எடுத்த வெற்றி

கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் விதிகள் எப்படி இருக்கும்? 2005 வாக்கில் ஃபிலா கொண்டுவந்த முறையைப் பாருங்கள். ஆட்டம் இரண்டு நிமிடச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றவரே வெற்றியாளர். முதல் சுற்றில் ஒருவர் 5-0 என்று ஜெயித்து, அடுத்த இரண்டையும் 0-1, 0-1 என்று இழந்தால்? மொத்தப் புள்ளிகள் 5-2 என்று அவர் பக்கம் இருக்கும். ஆனாலும் தோற்றவர் அவர்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்றும் இருந்தது. ஃப்ரீஸ்டைலில் ஒரு சுற்று 0-0 என்று முடிந்தால், ஒரு பையில் இருந்து நிறப் பந்து எடுப்பார்கள். யார் நிறத்துப் பந்து வருகிறதோ, அவர் எதிராளியின் காலைப் பிடித்த நிலையில் ஆட்டத்தைத் தொடரலாம். ஒற்றைக் கால் ஏற்கெனவே கையில் இருக்கும்போது புள்ளி எடுப்பது பெரிய காரியமா என்ன? நான்கு வருட உழைப்பு ஒரு பந்தின் நிறத்தில் போய் நின்றது. குலுக்கல் சீட்டுக்கும் குஸ்திக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் ஆரா ஆப்ரகாமியான், 84 கிலோ கிரேக்கோ-ரோமன் அரையிறுதியில் இத்தாலியின் ஆண்ட்ரியா மிங்குஸ்ஸியிடம் தோற்றார். நடுவர்கள் தனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று கொதித்தவர், பிறகு கிடைத்த வெண்கலப் பதக்கத்தைப் பரிசளிப்பு விழாவிலேயே கழற்றித் தரையில் வைத்துவிட்டு நடந்தார். ஒலிம்பிக் கமிட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தது. அவர் செய்தது சரியென்று சொல்ல முடியாது. மேடையில் நின்ற மற்றவர்களுக்கும் அது அவமரியாதைதான். ஆனால் விஷயம் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனபோது வெளிவந்த செய்தி முக்கியமானது. வீரரின் முறையீட்டைக் கேட்க முறையான ஏற்பாட்டை ஃபிலா செய்து தரவில்லை என்று தீர்ப்பாயம் குறை சொன்னது. கத்துவதைத் தவிர வேறு வழி வைக்காதவர்கள், ஏன் கத்துகிறாய் என்று கேட்ட கதைதான் அது.

ஏழே மாதத்தில் மறுபிறவி

2013 பிப்ரவரி 12 அன்று லோசானில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு, 2020 ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகள் பட்டியலிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. உலகமே திகைத்தது. நவீன பென்டத்லான் தப்பித்தது, மல்யுத்தம் வெளியே! 1996 அட்லாண்டாவில் தங்கம் வென்ற பல்கேரியாவின் வாலன்டின் யோர்தானோவ் தன் பதக்கத்தையே திருப்பி அனுப்பினார். அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற அமெரிக்கா, ஈரான், ரஷ்யா மூன்று நாட்டு வீரர்களும் அந்த மே மாதம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒன்றாக வந்து போட்டி நடத்தி ஆதரவு திரட்டினார்கள்.

ஒலிம்பிக் கமிட்டியின் அறிக்கை சொன்ன குறைகளில் டிவி பார்வையாளர்களும் டிக்கெட் விற்பனையும் மட்டும் இல்லை. முடிவெடுக்கும் இடங்களில் வீரர்கள் இல்லை, பெண்களுக்கான குழு இல்லை, நடுவர் போன்ற தொழில்நுட்ப அதிகாரிகளுக்கு நெறிமுறைகள் இல்லை, நிர்வாகக் குழுவில் மருத்துவர் இல்லை... இப்படி 'இல்லை'களின் பட்டியல் ஒன்றும் அதில் இருந்தது. வீரர்கள் வருடக்கணக்கில் முணுமுணுத்ததை, ஒலிம்பிக் கமிட்டி ஒரே காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டது.

அதன்பின் நடந்தது ஆச்சரியம். சில நாட்களிலேயே மார்டினெட்டி பதவி விலகினார். செர்பியாவின் நெனாத் லாலோவிச் பொறுப்புக்கு வந்தார். மே மாதம் மாஸ்கோவில் சிறப்புக் கூட்டம். பந்து எடுக்கும் கூத்து ஒழிந்தது. மூன்று சுற்று முறை போய், மூன்று நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகளும் மொத்தப் புள்ளிக் கணக்கும் வந்தன. பெண்ணுக்கென ஒரு துணைத் தலைவர் பதவி உருவானது. 2012 லண்டனில் ஆண்களுக்கு இரண்டு பாணிகளிலும் ஏழு ஏழு எடைப்பிரிவுகள், பெண்களுக்கு நான்கு மட்டுமே. 2016 ரியோவில் அது ஆறு, ஆறு, ஆறு என்று சமமானது. 2013 செப்டம்பர் 8 அன்று பியூனஸ் அயர்ஸில் நடந்த வாக்கெடுப்பில் மல்யுத்தம் 49 ஓட்டுகள் வாங்கி மீண்டும் உள்ளே வந்தது. பேஸ்பால்-சாஃப்ட்பாலுக்கு 24, ஸ்குவாஷுக்கு 22.

முழுதாக ஏழு மாதம்கூட ஆகவில்லை! பல ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்ட எல்லாம் முடிந்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பார்கள். இங்கே மனத்தை வரவைத்தது பயம். ஒலிம்பிக் போய்விட்டால் பணமும் போய்விடும், பதவிக்கு மதிப்பும் போய்விடும். தன் நாற்காலி ஆடும்போது இந்த அமைப்பு மின்னலாக ஓடும். வீரரின் வாழ்க்கை ஆடும்போது? அந்தக் கேள்விக்குப் பத்து வருடம் கழித்து இந்தியா பதில் காட்டியது.

தில்லி வீதியில்

2023 ஜனவரி 18 அன்று வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பிரிஜ் பூஷன் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்பது புகார். அவர் அதை முற்றிலும் மறுத்தார். வயது குறைந்த ஒருவர் பெயரிலான வழக்கு 2025-ல் முடித்துவைக்கப்பட்டது. மற்ற வீராங்கனைகளின் புகார்களில் தில்லி நீதிமன்றம் 2024 மே மாதம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. உண்மை எது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களே நடைபாதைக்கு வந்துதான் புகார் சொல்ல வேண்டியிருந்தது என்றால், ஹரியானாவின் ஏதோ ஒரு கிராமத்து அகாடாவில் பயிற்சி பெறும் பதினாறு வயதுப் பெண் எங்கே போவாள்? பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் கேட்கும் உள் புகார்க் குழு கூட்டமைப்பில் முறையாக இல்லை என்பதை, அரசு அமைத்த மேற்பார்வைக் குழுவே கண்டது. தேர்வுப் போட்டி, பயிற்சி முகாம், வெளிநாட்டுப் பயணம் எல்லாமே கூட்டமைப்பின் கையில். அந்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது கூட்டமைப்பிடமே புகார் சொல்வது எப்படி?

சர்வதேச அமைப்பு சும்மா இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். தில்லியில் நடக்கவிருந்த ஆசியப் போட்டியைக் கஜகஸ்தானின் அஸ்தானாவுக்கு மாற்றியது. மே 28 அன்று போலீசார் வீரர்களைத் தரதரவென்று இழுத்துச் சென்ற காட்சி உலகம் முழுக்கப் பரவியது. மே 30 அன்று அவர்கள் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வாருக்குப் போனார்கள். விவசாயத் தலைவர்கள் தடுத்ததால் திரும்பினார்கள். அதே நாளில் சர்வதேச அமைப்பு கண்டன அறிக்கை வெளியிட்டது. 45 நாட்களுக்குள் தேர்தல் நடத்தாவிட்டால் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்வோம் என்றது. நீதிமன்றத் தடைகளால் தேர்தல் தள்ளித் தள்ளிப் போக, ஆகஸ்டில் இடைநீக்கமும் செய்தது.

ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். இடைநீக்கம் செய்தது தேர்தல் நடக்கவில்லை என்பதற்காக. பெண்களின் புகாரைக் கேட்க வழியில்லை என்பதற்காக அல்ல! தண்டனை யார் தலையில் விழுந்தது? அடுத்த மாதம் பெல்கிரேடில் உலகப் போட்டி. 19 வயது அந்திம் பங்கால் 53 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான இடத்தையும் நாட்டுக்கு வாங்கித் தந்தார். இந்தியக் கொடி இல்லாமல், நடுநிலை வீராங்கனையாக. நிர்வாகிகள் செய்த தவறுக்குக் கொடியைப் பறிகொடுத்தது வீராங்கனை.

டிசம்பர் 21 அன்று தேர்தல் நடந்தது. முன்னாள் தலைவருக்கு நெருக்கமானவராகக் கருதப்பட்ட சஞ்சய் சிங், 40-7 என்ற கணக்கில் அனிதா ஷியோரனை வென்றார். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக் அன்றே தன் காலணிகளைப் பத்திரிகையாளர்கள் முன் மேஜையில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே விலகினார். நிர்வாகி நிர்வாகிக்கு ஓட்டுப் போடும் சங்கிலி தன் வேலையைக் கச்சிதமாகச் செய்து முடித்தது. 2024 பிப்ரவரியில் சர்வதேச அமைப்பு இடைநீக்கத்தை விலக்கியது. வீரர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் வீரர்கள் குழுவுக்குத் தேர்தல் நடத்த வேண்டும், போராடிய மூவரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் ஒரு வருடம் முன்பே இருந்திருக்க வேண்டியவை.

நூறு கிராம்

2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸில் வினேஷ் போகாட், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் வெளிநாட்டவரிடம் தோற்றறியாத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தி, அதே நாளில் இறுதிப் போட்டிக்கும் முன்னேறினார். மறுநாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம். விதிப்படி அவர் இறுதிப் போட்டியை மட்டும் இழக்கவில்லை. முதல் நாள் சரியான எடையில் நின்று வென்றதும் சேர்ந்து அழிந்து, கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் இறங்கினார் என்பது நியாயமான வாதம். நடுவர் தீர்ப்பாயமும் அதைச் சொல்லித்தான் ஆகஸ்ட் 14 அன்று அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், இந்த விதியின் விளைவு மிகக் கடுமையானது என்றும், எடை கூடிய சுற்றிலிருந்து மட்டும் நீக்குவது இன்னும் நியாயமாக இருக்கும் என்றும் நடுவர் எழுதினார். விதியை மாற்றும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை. அது விதியை எழுதியவர்களிடமே இருக்கிறது. எடைக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடுகிறவர்களிடம் அந்த அதிகாரத்தில் எவ்வளவு பங்கு இருக்கிறது?

அரசு தலையிடக் கூடாதா?

'இதெல்லாம் சரி, அரசே எடுத்து நடத்திவிட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. அது எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாகிவிடும். 2017-ல் போலந்தில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஈரானின் அலிரேசா கரிமி, ரஷ்ய வீரருக்கு எதிராக முன்னிலையில் இருந்தார். ஜெயித்தால் அடுத்து இஸ்ரேல் வீரரைச் சந்திக்க வேண்டும். இஸ்ரேலியர்களோடு மோதக் கூடாது என்பது ஈரான் அரசின் கொள்கை. 'தோற்றுவிடு' என்று பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கத்தினார். கரிமி தோற்றார். அரசு விளையாட்டுக்குள் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனவே விளையாட்டு அமைப்புகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற வாதம் பொய்யல்ல.

ஆனால் அந்தச் சம்பவத்தின் முடிவையும் பாருங்கள். பயிற்சியாளருக்கு இரண்டு ஆண்டுத் தடை. கரிமிக்கும் ஆறு மாதம்! உத்தரவு போட்டவர்கள் சுகமாக இருக்க, உத்தரவுக்குப் பணிந்த இளைஞனும் தண்டனை வாங்கினான். பெல்கிரேடில் கொடியை இழந்த வீராங்கனையும், இந்த இளைஞனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். தன்னாட்சி என்பது வீரரைக் காக்கும் வேலியாக இருக்க வேண்டும். நிர்வாகி ஒளிந்துகொள்ளும் திரையாக இருக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஓட்டு. ஒவ்வொரு தேசியக் கூட்டமைப்பிலும், சர்வதேசக் காங்கிரசிலும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுகளில் ஒரு பங்கு களத்தில் இருக்கும் வீரர், வீராங்கனைகளுக்கு நேரடியாகப் போக வேண்டும். வீரர்கள் குழு என்ற பெயரில் ஓர் ஓர நாற்காலி போதாது.

இரண்டாவது, புகார். பயிற்சியாளர் மீதோ தலைவர் மீதோ புகார் சொல்ல, அந்தக் கூட்டமைப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடம் ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் இருக்க வேண்டும். அந்த ஊர் மொழியிலேயே, ஒவ்வொரு பயிற்சி முகாமின் சுவரிலும் அதன் தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாத கூட்டமைப்புக்கு உறுப்பினர் தகுதியே கிடையாது என்று சட்டம் போட வேண்டும். தேர்தலுக்கு 45 நாள் கெடு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்குக் கெடு வைக்கத் தெரியாதா?

மூன்றாவது, தண்டனை. தவறு நிர்வாகிகளுடையது என்றால் அவர்களுடைய ஓட்டுரிமை, பயணம், கூட்டமைப்புக்கு வரும் நிதி ஆகியவை நிறுத்தப்படட்டும். வீரர் தன் நாட்டுக் கொடியோடு வந்து விளையாடட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு 2013-தான் பதில். ஒலிம்பிக் போய்விடும் என்றதும் விதிப் புத்தகமும் தலைமையும் பெண்களின் எடைப்பிரிவுகளும் மாற ஏழு மாதம் போதுமானதாக இருந்தது. அன்று அவர்களை ஓட வைத்தது வெளியிலிருந்து வந்த ஒலிம்பிக் கமிட்டியின் மிரட்டல். அது ஒவ்வொரு முறையும் வராது. உள்ளே இருக்கும் வீரருக்கு ஓட்டு இருந்தால் யாருடைய மிரட்டலும் தேவைப்படாது. சாக்ஷி மாலிக் மேஜையில் வைத்துவிட்டுப் போன அந்தக் காலணிகளுக்கு அன்றைய தேர்தலில் ஒரே ஒரு ஓட்டாவது இருந்திருந்தால், அவை இன்னும் கோதாவில் இருந்திருக்கக்கூடும்.